ஒன்பது ஊர்களைப் பிடித்த சத்தியபாய்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் பிறந்தது. எங்கள் ஊர் நூலகத்தின் ஆண்டு மலருக்குத் தலைப்புக் கொடுத்தே கேட்டிருந்தார்கள்: 'பண்டைய தளபதிகளின் வெற்றிகளை இன்றைய தலைவர் ஒருவரால் எட்ட முடியுமா?' முடியாது என்று எழுதினேன். அன்று நாட்டைப் பிடித்தவனுக்கு நாடு சொந்தம். இன்று பிடித்த மறுநாளே கேள்வி கேட்க உலகம் கூடிவிடும். ராஜேந்திர சோழனின் தளபதி கங்கைவரை போய், தோற்ற மன்னர்களையே நீர் சுமக்கவைத்ததாகச் செப்பேடு பாடுகிறது. இன்று யார் தலையில் யார் குடத்தை ஏற்றுவது?

பக்கத்துக் கருங்கல் ஊரில் அச்சகம் வைத்திருக்கும் அலி அக்பர் மெய்ப்புப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம சத்தியபாய் அக்காவ விட்டுட்டியே மக்கா. ஒம்பது ஊரு பிடிச்சவங்க இல்லியா அவங்க?"

கட்டுரையை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

2

'வறண்ட பாசனச் சானல் கரையில் தன்னந்தனியாக ஒரு பெண்' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். சத்தியபாய் தனியாக நின்று யாரும் பார்த்ததில்லை. சுற்றி நாலு பேர் இருப்பார்கள். அதில் இரண்டு பேர் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று: 'மஸ்கட்டில் நர்ஸாக இருந்து ஊர் திரும்பிய சத்தியபாய், பாசன சங்கத் தேர்தலில் சுயம்புராஜைத் தோற்கடித்துத் தலைவரானார்.' இதில் அழகு இல்லை. ஆனால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்பதால் இருக்கட்டும்.

(முதல் வரைவில் அவரை 'அவள்' என்றுதான் எழுதியிருந்தேன். படையெடுப்புக்கு வந்ததும் கை தானாக 'அவர்' என்று எழுதிவிட்டது.)

3

போன கும்பப்பூ நெல் சாகுபடியில் பேச்சிப்பாறை அணையில் நீர் குறைவு. அங்கிருந்து வரும் எங்கள் சானல் ஒன்பது ஊர்களைக் கடந்து கடைமடைக்குப் போகவேண்டும். மேலே உள்ளவர்கள் மடையைத் திறந்து வைத்துக்கொண்டால் கீழே ஈரம்கூட எட்டாது. கடைமடை வயல்களில் நெல், கதிர் தள்ளும் முன் பொதிகட்டி நின்றது. அணையைச் சீக்கிரம் மூடப்போகிறார்கள் என்று பேச்சு.

"கம்பிப்பாரையும் பத்து ஆளும் போதும்மா. எல்லா மடையையும் ஒரே நாள்ல அடைச்சிரலாம்" என்றான் மகன் பிபின்.

"அடைக்கலாம். மறுநாள் அவங்க திறப்பாங்க. தினமும் நீ காவல் நிப்பியா?"

(கட்டுரையாளன் இங்கே குறுக்கிடுகிறான்: பிடிப்பது ஒரு கலை, பிடித்ததை வைத்திருப்பது வேறு கலை. பழைய தளபதிகள் பலரும் முதலாவதில்தான் கெட்டிக்காரர்கள். அவர்கள் கண்மூடிய மறுகணம் தேசங்கள் சிதறின.)

சத்தியபாயின் வயல் ஐந்தாவது ஊரில். முதலில் அந்த மடையைத்தான் அடைக்கவேண்டும் என்றார்.

"நம்ம நெல்லும் பொதிதானே" என்றார் கணவர் யேசுரத்தினம்.

"அதுனாலதான்."

யேசுரத்தினம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மடைக்குக் களிமண் அப்பியது அவர் கைதான்.

அதன்பிறகு சத்தியபாய் ஊர் ஊராகப் போனார். எல்லா ஊரிலும் ஒரே பேச்சு: "எனக்க மடைய அடைச்சாச்சு. வந்து பாருங்க. பொறவு உங்க இஷ்டம்." வந்தார்கள், பார்த்தார்கள். சிலர் அன்றே அடைத்தார்கள். ஓர் ஊரில் கோயில் குளம் நிறைந்த பிறகுதான் என்றார்கள், காத்திருந்தார். இன்னோர் ஊரில் கெட்ட வார்த்தை கேட்டுத் திரும்பி, மறுநாளும் போனார்.

4

மிஞ்சியது முதல் ஊர். அங்கே பெரிய மடை, தேர்தலில் தோற்ற சுயம்புராஜின் வாழைத்தோட்டத்துக்குப் போவது.

"எனக்க வாழைக்கு வெள்ளம் வேண்டாமா?" என்றார் அவர். (தண்ணீருக்கு எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றுதான் பேச்சு. சொட்டுச் சொட்டாக வந்தாலும் வெள்ளம்தான்.)

"வேணும். வாழை ஒரு வாரம் தாங்கும். நெல்லு தாங்காது."

ஊர் கூடி நின்றது. சுயம்புராஜ் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நீங்க தலைவர் ஸ்தானத்த விட்டு எறங்குங்க. நான் அடைக்கேன்."

பிபின் முன்னால் பாய்ந்தான். சத்தியபாய் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எறங்கியாச்சு. மடைய அடைங்க."

அதைக் கேட்டதும் சுயம்புராஜின் கண்களில்

இல்லை, அந்த வாக்கியம் எனக்கு வேண்டாம். அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக்கட்டி, தானே நீரில் இறங்கிப் பலகையைப் போட்டார். அதுமட்டும்தான் தெரியும்.

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. பதவியை இப்படி யார் விடுவார்? சத்தியபாயிடமே கேட்டேன்.

"வருத்தம் இல்லாமயா? அன்னைக்கு வீட்டுல வந்து சோறு இறங்கல்ல. ஆனா வெள்ளம் போச்சு இல்லியா" என்றார்.

5

போனது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, காய்ந்த சானலில் வெடிப்பு வெடிப்பாக நிரப்பிக்கொண்டு போனது. கடைமடையில் வயல் வைத்திருக்கும் ஷாஹினாஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். "அக்கா, எனக்க காலு நனைஞ்சாச்சு" என்றார்.

அணை மூடும்வரை ஒருவரும் தங்கள் மடையைத் திறக்கவில்லை. காவலுக்கு ஒரு ஆள்கூட நிற்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது, மறைக்க விரும்பவில்லை. எந்தத் தளபதி, வென்ற ஊரில் வாளையும் காவலையும் வைக்காமல் வீட்டுக்குப் போய்ப் படுத்தான்?

கடைமடை விளைந்தது. சத்தியபாயின் வயலில் பாதி பதர்.

6

தலைவர் இடம் இன்னும் காலிதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். அதற்கு இரண்டு முடிவுகள் எழுதிப்பார்த்தேன்.

சுயம்புராஜே எழுந்து சத்தியபாயின் பெயரைச் சொல்கிறார். இது அலி அக்பருக்குப் பிடித்த முடிவு. சுயம்புராஜ் தலைவராகி, அடுத்த வறட்சியில் தன் மடையை முதலில் அடைக்கிறார். இது எனக்குப் பிடித்தது. இரண்டையும் சத்தியபாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சக்கைக்கொட்டை (பலாக்கொட்டைதான்) உரித்துக்கொண்டே படித்தார்.

"ரெண்டும் கொள்ளாம்."

"எது நடக்கும் அக்கா?"

"நடக்கியதுக்கு முந்தி நீ எப்பிடி எழுதுவே? ஞாயிற்றுக்கிழமை வந்து பாரு."

மலர் சனிக்கிழமையே அச்சுக்குப் போகிறது. ஆகவே உங்களிடம் விடுகிறேன். பள்ளிக்கூட மைதானத்தில் ஒன்பது ஊர்க்காரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். சுயம்புராஜ் முன்வரிசையில். சத்தியபாய், வழக்கம்போல், யாரோடோ வாக்குவாதத்தில். தலைவர் பதவிக்குப் பெயர் சொல்லலாம் என்று அறிவித்துவிட்டார்கள். நீங்களும் அங்கே இருக்கிறீர்கள்.

சொல்லுங்கள். கொஞ்சம் உரக்கவே சொல்லுங்கள்; கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும்.