ஒரே பக்கம் சுற்றிய ஆடு

செந்துறைக்குப் பக்கத்தில் ஆடு வளர்க்கும் சிந்தாமணிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. மேய்ச்சலுக்கு நடக்க முடியாமல் மூட்டைத் தீவனத்துக்கு மாறினாள். பெரம்பலூர்ப் பக்கமிருந்து வரும் சைலேஜ் அது. மக்காச்சோளப் பயிரை நறுக்கி, காற்றுப் புகாமல் கட்டிப் புளிக்க வைத்தது. ஒரு மூட்டையை எலி கடித்து, ஓரத்தில் பூசணம் பூத்திருந்தது. அந்த இடத்தை மட்டும் அள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைப் போட்டாள்.

சில வாரம் கழித்து சினையாடு ஒன்று இடப்பக்கமாகவே சுற்ற ஆரம்பித்தது. ஒரு காது தொங்கி, வாயோரம் எச்சில் வடிந்தது. சுளுக்கு என்று அவள் கணவன் கண்ணையன் கழுத்தில் எண்ணெய் தடவினான். ஆடு எழ முடியாமல் படுத்த பிறகுதான் கால்நடை டாக்டர் ஹேமலதாவுக்குப் போன் போனது.

ஹேமலதா காலையிலிருந்து ஊர் ஊராக அலைந்துவிட்டு வந்திருந்தாள். ஊசி போட்டதும் கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"தீவனத்துல இருந்த கிருமிங்க. மூளைக்குப் போயிடுச்சு."

"வாயில போனது மூளைக்கு எப்படிங்க ஏறும்?" என்றாள் சிந்தாமணி.

"உடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு சின்ன ரூம் மாதிரி. அது சரியாம உள்ள நூல் நூலா ஒண்ணு தாங்கிட்டிருக்கு. இந்தக் கிருமி உள்ள பூந்ததும், அந்த நூலைத் தனக்குப் பின்னாடி கட்ட வச்சுக்கும். நூல் வளர வளர கிருமியை முன்னாடி தள்ளும். அப்படியே பக்கத்து செல்லுக்குள்ள குத்திக்கிட்டுப் போயிடும். வாய்ப்புண்ணு வழியா நரம்பைப் பிடிச்சு மேல ஏறிடுச்சு. செல்லை விட்டு வெளிய வராததால உடம்புக்கும் தெரியல, மருந்தும் லேசுல எட்டாது."

"அந்தச் செல்லு எதுக்குங்க அதுக்குக் கட்டிக் குடுக்குது?"

"அதுக்குத் தெரியாதுங்க. தனக்குத்தான் கட்டுறோம்னு கட்டுது."

"பொழைக்குமா?"

ஹேமலதா ஆட்டையே பார்த்தாள். "படுத்துடுச்சுல்ல. கஷ்டம்தாங்க."

விடாமல் ஊசி போட்டும் ஆடு செத்தது. கண்ணையன் அதைப் புதைத்தான். மிச்ச மூட்டைகளைத் தனியாக வேறொரு குழி வெட்டி மூடினான்.

அந்த வாரமே இன்னொரு ஆட்டுக்குக் காது தொங்கியது. சிந்தாமணி பார்த்த உடனே போன் போட்டாள். ஹேமலதா தினமும் வந்தாள். ஒருநாள் ஆட்டின் தாடையை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது பொழைச்சுக்கும்" என்று சொல்லிப் பையை மூடினாள்.

ஆனால் அதற்குத் தீனியை மென்று தின்ன வலுவில்லை. தழையை ஒவ்வொரு கொத்தாக வாய்க்குள் வைத்து ஊட்ட வேண்டியிருந்தது. ஒரு ராத்திரி கண்ணையன் வந்து சிந்தாமணி கையிலிருந்து தழைக்கட்டை வாங்கிக்கொண்டான்.

"நீ போய்ப் படு."

"போறேன்" என்றாள். எழுந்திருக்கவில்லை. ஆட்டுக்குப் பக்கத்திலேயே சாக்கின் மேல் சாய்ந்து தூங்கிப்போனாள்.