நான் இடிக்கவில்லை

ஹெல்மெட்டை எறிந்தது உண்மை. ஆனால் சித்தார்த் மேல் எறியவில்லை, அவர் காலடியில்தான் எறிந்தேன். குறி பார்த்து எறிந்திருந்தால் பட்டிருக்கும். அதை யாரோ செல்போனில் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் பாலக்கரையில் காய்கறிக்காரர்கூட, "என்னம்மா இவ்வளவு கோவம்" என்று கேட்டார். கோபக்காரிதான். யார் இல்லை என்றது?

ஆனால் கனிஷ்காவின் பைக்கை நான் இடிக்கவில்லை.

இடித்தேன் என்று டைப் அடித்த தாளை, ரேஸ் முடிந்து ஏழு வாரம் கழித்து சித்தார்த் என் முன்னால் வைத்தார். அவர் என் பழைய ரேஸ் டீமின் மேனேஜர். அதற்காகவே சென்னையிலிருந்து காரில் வந்திருந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹோட்டலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது ஆள் ஸஹ்ரா அக்கா. திருவானைக்காவலில் ஒர்க்‌ஷாப் வைத்து, இரண்டே இரண்டு பைக்குகளோடு ஒரு டீம் நடத்துகிறவர். வீடியோவைப் பார்த்து மற்ற டீம்கள் எல்லாம் போனை எடுக்காமல் இருந்தபோது, அவர்தான் தானாகக் கூப்பிட்டு "எனக்கு ஓட்டுறியா" என்று கேட்டார். ஓட்டுகிறேன் என்றேன். பழைய டீமோடு ஒப்பந்தம் இந்த வருஷம் வரை இருந்தது; அவர்கள் ஆட்சேபணை இல்லை என்று என்ஓசி கொடுத்தால்தான் புது டீமில் என் பெயரைப் பதிய முடியும். அன்று மாலை ஐந்து மணியோடு பதிவு முடிகிறது.

"கடைசி லேப்ல ஓவர்டேக் பண்றப்ப உன் ஹேண்டில்பார் அவ பைக்ல பட்டுச்சு, அதனால அவ விழுந்தா. ரெண்டே வரிதான் ஜென்சி. கையெழுத்துப் போடு, என்ஓசி இந்தா, கையிலயே இருக்கு" என்றார் சித்தார்த்.

"படல சார்."

"கனிஷ்காவே பட்டுச்சுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா."

ஸஹ்ரா அக்கா என் முன்னால் இருந்த காபி டம்ளரை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். வீடியோவை அவரும் பார்த்தவர்தானே.

"உனக்கு இருபத்தஞ்சு ஆயிடுச்சு. ஒரு வருஷம் வீட்ல உக்காந்தா அப்புறம் ஒரு பய கூப்பிட மாட்டான். அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். யோசிச்சு வா" என்றார் சித்தார்த். நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். யோசிக்கச் சொல்லிவிட்டு அவர் ஒரு ரவா தோசை ஆர்டர் செய்தார். என் ஒரு வருஷம் அவருக்கு அவ்வளவு சாதாரணம்.

என் ஸ்கூட்டரில் ஸஹ்ரா அக்கா பின்னால் உட்கார்ந்துகொண்டார். காவிரிப் பாலத்தில் இரண்டு பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பட்டுச்சா?"

"படலக்கா. சத்தியமா."

"அப்புறம் ஏன் அவர் முகத்தைப் பாத்துப் பேச மாட்டேங்கிற? நீ அப்படி ஆள் கிடையாதே."

ஏழு வாரமாக யாரிடமும் சொல்லாததை அந்தப் பஸ் புகைக்குள் வைத்துச் சொன்னேன். ரேஸ் முடிய மூன்று லேப் இருந்தது. எனக்கு முன்னால் கனிஷ்கா. இருவரும் ஒரே டீம். என் ஹெல்மெட் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக ஏதோ விழுந்தது. மழை இல்லை. கிளவுஸால் துடைத்தேன், வழவழவென்று இழுத்துக்கொண்டு போனது. எஞ்சின் ஆயில். அவள் பைக்கிலிருந்து ஒழுகுகிறது. டீமில் யாரோ ஆயில் போல்ட்டைச் சரியாக முறுக்கவில்லை. பின்னால் வருகிறவர் ஒரு கையைத் தூக்கி அந்த பைக்கைக் காட்டினால் போதும். டிராக் ஓரம் கொடியோடு நிற்பவர்கள் பார்த்து, அவளை ஓரங்கட்ட வைத்துவிடுவார்கள்.

நான் கையைத் தூக்கவில்லை. இனி இவள் தாங்கமாட்டாள், முந்திவிடலாம் என்று சந்தோஷப்பட்டேன். கடைசி லேப்பில் முந்தினேன். நான் முந்திய அதே வளைவில் அவளுடைய பின் சக்கரம் ஆயிலில் வழுக்கியது. கோப்பையை வாங்கும்போது தூரத்தில் ஆம்புலன்ஸ் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

தங்கள் மெக்கானிக் செய்த தப்பை மறைக்க டீம் பழியை என் தலையில் கட்டியது. ஆயிலைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை. திறந்தால், பார்த்த நீ ஏன் கை காட்டவில்லை என்று கேட்பார்களே. ஹெல்மெட்டை எறிந்தது அவர்கள் பொய்க்காக மட்டும் இல்லை. எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

பஸ் நகர்ந்தது.

"என் டீம்லயும் உன்கூட இன்னொரு பொண்ணு ஓட்டப்போறா. அவகிட்ட நான் உன்னைப் பத்தி என்னன்னு சொல்றது?" என்று மட்டும் கேட்டார் ஸஹ்ரா அக்கா.

பாலம் இறங்கி மாம்பழச் சாலையில் வலப்பக்கம் திரும்பினால் அவருடைய ஒர்க்‌ஷாப். நான் இடப்பக்கம் திரும்பினேன். "ஏய், எங்க போற?" என்றார். கனிஷ்கா வீட்டுக்கு என்றேன்.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஸஹ்ரா அக்கா கீழேயே நின்றுவிட்டார். கதவைத் திறந்தது கனிஷ்காவின் அம்மா பானுமதி.

"இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? அவ உடம்புல உடைக்கறதுக்கு இன்னும் எலும்பு பாக்கியிருக்கா?"

"நான் இடிக்கலங்க. அதைச் சொல்ல வரல. வேற ஒண்ணு சொல்லணும்."

"உள்ள விடும்மா" என்று குரல் வந்தது. கனிஷ்கா சோபாவில் இருந்தாள். இருபது வயசு. வலது தோளிலிருந்து விரல் வரை கட்டு. என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே சொன்னேன், ஆயிலை, கண்ணாடியை, தூக்காத கையை. மன்னிப்பு என்ற வார்த்தை எனக்குச் சுலபத்தில் வருவதில்லை. அன்று வந்தது. என் குரலைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை.

அவள் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியுங்கக்கா. மூணு லேப்பா என் பூட்ஸ் வழுக்கிட்டே இருந்துச்சு. ஆயில் வாசனையும் வந்துச்சு."

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

"பின்னாடி நீங்க வந்துட்டு இருந்தீங்களே."

பானுமதி அம்மா சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"அப்ப ஏன் நான் இடிச்சேன்னு கையெழுத்துப் போட்ட?" என்றேன். எனக்குப் பழைய சூடு திரும்பிக்கொண்டிருந்தது.

"யார் போட்டா? கை உடைஞ்சிருக்குன்னு சொன்னேன். உடனே டீம் ஆள் ஒருத்தன் மை டப்பாவை எடுத்து நீட்டுறான், கைநாட்டு வைக்கச் சொல்லி. பி.இ. மூணாவது வருஷம் படிக்கிறேன். போடான்னு சொல்லி அனுப்பிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு வாரத்தில் முதல் தடவை. சித்தார்த் கொடுத்த தாளைப் பையிலிருந்து எடுத்தேன். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து, ரேஸ் கமிட்டிக்கு என்று தொடங்கி எழுதினேன். இடிக்கவில்லை. ஆயில் ஒழுகியது. பார்த்தேன். கை காட்டவில்லை. ஜெயிக்க ஆசைப்பட்டேன். கோப்பையைத் திருப்பித் தந்துவிடுகிறேன். கீழே ஜென்சி என்று கையெழுத்திட்டேன்.

"இதை அனுப்பினா அவங்க என்ஓசி குடுக்க மாட்டாங்கக்கா."

"தெரியும்."

"அப்ப இந்த வருஷம்?"

"இல்ல."

அவள் இடது கையை நீட்டிப் பேனாவைக் கேட்டாள். பானுமதி அம்மா, "உன்னையும் டீமை விட்டுத் தூக்கிடுவாங்கடி" என்றார். "தூக்கட்டும்மா" என்றாள். கோழி கிளறியதுபோல ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எனக்கும் தெரியும், நானும் நிறுத்தவில்லை, ஆயில் போல்ட்டை முறுக்கியவரைக் கேளுங்கள். கனிஷ்கா.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அதைப் படம் எடுத்துக் கமிட்டிக்கு அனுப்பினேன். ஒரு காப்பி சித்தார்த்துக்கும். அவர் உடனே கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். எடுத்து, "சார், ரவா தோசை ஆறிடும்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பால்கனியிலிருந்து கீழே பார்த்தேன். ஸஹ்ரா அக்கா ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தார். "அக்கா, இந்த வருஷம் முடியாது, அனுப்பிட்டேன்" என்று கத்தினேன். தெருவே நிமிர்ந்து பார்த்தது. "அடுத்த வருஷம் வா. பைக் எங்கயும் போயிடாது" என்று அவரும் கத்தினார்.

உள்ளே வந்து, வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினேன். கனிஷ்கா கதவு வரை எழுந்து வந்தாள்.

"அடுத்த வருஷம் என் பைக் ஆயில் ஒழுகினா கை காட்டுவீங்களா?"

"காட்டுவேன். கையைக் காட்டிட்டு ஓவர்டேக் பண்ணுவேன்."

அவள் சிரிக்கவில்லை.

"பண்ணிப் பாருங்கக்கா" என்றாள்.