மாமனார் நடித்த பேய்

பிரிவியூ காட்சியில் பேய் வந்ததும் நாற்பது பேரும் சிரித்துவிட்டார்கள். லேசான சிரிப்பில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது.

ஒன்பது வருடம் உதவி எடிட்டராகக் குப்பை கொட்டிவிட்டு, நான் தனியாகச் செய்த முதல் படம் அது. வெளியே வந்ததும் டைரக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“வெள்ளிக்கிழமை மத்தியானம் இன்னொரு தடவை போடுறோம். அன்னைக்கும் சிரிச்சாங்கன்னா வேற எடிட்டரைப் பாத்துக்கிறேன். தப்பா நினைக்காதே.”

தப்பாகத்தான் நினைத்தேன். கோளாறு எடிட்டிங்கில் இல்லை, பேயில் இருந்தது. பேயாக நடித்தவர் தயாரிப்பாளர், டைரக்டருக்கு மாமனார். ஐந்து மணி நேரம் மேக்கப் போட்டு, கோரைப்பல் மாட்டி, ஆசை ஆசையாக நடித்திருந்தார். திரையில் பார்த்தால் பல்வலிக்காரர் டாக்டரைத் தேடி வந்த மாதிரி இருந்தது. இதை மருமகன் எந்த வாயால் சொல்வார்?

நானும் சொல்லவில்லை, செய்தேன். மாமனார் வரும் நாற்பத்தொரு நொடியையும் தூக்கினேன். ஒரு பிரேம்கூட மிச்சம் வைக்கவில்லை. ஷாட் முடிந்த பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருந்ததில் கதாநாயகியின் முகம் பதிவாகியிருந்தது. டீ வருகிறதா என்றுதான் அப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை ஏழு நொடி நிறுத்தினேன். அடுத்து, காலியான வாசல். மறுபடி முகம். மறுபடி அதே வாசல், இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம். இசையைச் சுத்தமாகத் துடைத்தேன். டைரக்டரிடம் மூச்சுவிடவில்லை.

வெள்ளிக்கிழமை இருநூறு பேர். மாமனார் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நடு வரிசையில் இருந்தார். முகம் வந்தது. பாப்கார்ன் கொறிக்கும் சத்தம் நின்றது. வாசல். முகம். இரண்டாவது தடவை வாசல் வந்தபோது யாரோ “ஐயோ!” என்றார்கள். அவ்வளவுதான், அரங்கமே அலறியது. எனக்கு எழுந்து நின்று விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. அத்தனை சந்தோஷம்.

வெளியே ஒரு பெண்மணி தன் கணவரிடம், “அந்த விரல் இருக்கே, எவ்ளோ நீளம்! கதவைப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சே!” என்று சொல்லிக்கொண்டு போனார். படத்தில் விரலே கிடையாது.

மாமனார் நேராக என்னிடம் வந்தார்.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்டே! என்னைப் பாத்து நானே பயந்துட்டேன்!”

விஷயம் புரிந்துபோன டைரக்டர், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, சொல்லாதே என்று கண்ணைக் காட்டினார். என் வாய் சும்மா இருக்குமா?

“சார், நீங்க அதுல இல்லவே இல்ல.”

அவர் நம்பவில்லை. மருமகனையும் இழுத்துக்கொண்டு எடிட்டிங் அறைக்கே வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு பிரேமாகத் தள்ளிக் காட்டினேன். மூன்று தடவை பார்த்தார்.

“அப்ப நான் பாத்தது?”

“அது உங்க மனசு காட்டினது சார். நான் இடம் மட்டும்தான் விட்டேன்.”

மாமனார் மருமகனைத் திரும்பிப் பார்த்தார்.

“மாப்ளே, இதுல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. அடுத்த படத்துக்கும் இந்தப் பொண்ணுதான்.”

எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். வெளியே நீளமான வராந்தா, ஆள் யாருமில்லை. அங்கேயே நின்றுவிட்டார்.

“நீ முன்னால போம்மா,” என்றார்.