நிமிடத்துக்கு நான்கு

ரிஃபானா முந்தின நாள் வார்டில் செய்தது பெரிய தப்புதான். ஏழாம் கட்டில் சாமியாத்தாளின் மூச்சை எண்ணாமலே தாளில் பதினெட்டு என்று எழுதிவிட்டாள். நர்சிங் முதல் வருடப் பிள்ளைகளுக்கு எப்போதும் கைவசம் இருக்கிற எண் அது. அரைமணி கழித்துப் பாடம் நடத்தும் அன்புக்கரசி மேடம் எண்ணியபோது முப்பத்திரண்டு. அந்தம்மாவைத் தீவிர சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

"இன்னொருக்கா எண்ணாம எழுதினீன்னா, உங்க அத்தாவை வரச்சொல்லி ஊட்டுக்கே அனுப்பிப்போடுவேன் கண்ணு."

மேடம் சத்தம் போடாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது. கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அத்தா, மகளின் யூனிஃபார்மைத் தன் கையாலேயே தேய்த்துக் கொடுப்பவர்.

இன்று பயிற்சிக்கூடத்தில் மூச்சு எண்ணும் பரீட்சை. கட்டிலில் கிடப்பது பிளாஸ்டிக் பொம்மை. உள்ளே மோட்டார் கிடையாது, காற்றுப்பை கிடையாது. தட்டினால் காலிக்குடம் போலச் சத்தம் வரும்.

"பூஜ்யம்னு எழுதிப்போட்டு வாடி, டீ ஆறுது" என்று வாசலில் நின்று கிசுகிசுத்தாள் மௌனிகா. அவள் அப்படி எழுதித் தேறியவள்.

ரிஃபானா முறைப்படியே செய்தாள். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சில் வைக்க வேண்டும். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். கரண்ட் போய் மின்விசிறி நின்றிருந்தது. ஜன்னல் திரை ஆடவில்லை.

பதினோராவது நொடியில் பொம்மையின் மேல் கிடந்த போர்வை எழுந்து தாழ்ந்தது.

அவள் மணிக்கட்டை விடவில்லை. முழு நிமிடமும் எண்ணினாள். நான்கு.

பூஜ்யம் என்றால் தேறிவிடலாம். நான்கு என்று எழுதினால், மறுபடியும் எண்ணாமல் எழுதினாள் என்றுதான் மேடம் நினைப்பார். பேனா நின்றது. சாமியாத்தாளின் நீலம் பாரித்த உதடு நினைவுக்கு வந்தது. நான்கு என்று எழுதி மேடத்திடம் நீட்டினாள்.

"எண்ணினியா?"

"எண்ணினேனுங்க மேடம்."

மேடம் திட்டவில்லை. தானே பொம்மையின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம். மேலுதட்டில் வேர்வை அரும்பியது. நான்குக்குக் கீழே மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் மௌனிகாவின் சிரிப்பு நின்றுபோயிற்று.

"குறையுதுங்களா மேடம்?" என்று கேட்டாள் ரிஃபானா.

"குறையுது. நான் டாக்டரைக் கூட்டியாறேன். நீ கையை உடாம எண்ணிட்டே இரு கண்ணு."

ரிஃபானா மணிக்கட்டை மறுபடி பிடித்தாள். முதலில் இல்லாத வெதுவெதுப்பு இப்போது இருந்தது. நொடிமுள் ஒரு சுற்றில் பாதி கடந்துவிட்டது. ஒன்று என்று சொல்ல உதட்டைக் குவித்தபடி, இன்னும் எழாத போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.