அழுகண்ணி மூடிய நேரம்

ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடைக்குப் படமெடுத்துக் கொடுப்பதுதான் சுகன்யாவின் வேலை. தீபாவளி, முகூர்த்தம் என்று ஞாயிறுகூட ஓய்வில்லாமல் போய், இமைகள் கனத்துக் கிடந்தன. ஆனாலும் மழை விட்ட முதல் ஞாயிறு கணவன் கோகுல்ராஜை எழுப்பிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவனும் இரவெல்லாம் லாரி ஓட்டிவிட்டு வந்தவன்தான்.

சந்தவாசலைத் தாண்டி, ஏரியோரத்துச் சரளை மண்ணில் அழுகண்ணி முளைத்திருந்தது. காசளவு சிவப்புச் செடி. இலை முழுக்க முடி, முடி நுனியெல்லாம் பசைத் துளி. பனியென்று நம்பி உட்காரும் பூச்சியை அப்படியே பிடித்துத் தின்றுவிடும். பூச்சியை இலை மூடுவதை ஆரம்பம் முதல் கடைசிவரை படமெடுத்துவிட இரண்டு மழைக்காலமாக அலைகிறாள்.

அன்று அவள் கண்ணெதிரிலேயே ஒரு கொசு ஒட்டிக்கொண்டது.

"எவ்ளோ நேரம் ஆவும்?" என்றான் கோகுல்ராஜ்.

"மதியம்கூட ஆவலாங்க."

குப்புறப் படுத்தபடி எடுத்துக்கொண்டிருந்தவளின் தலை தூக்கத்தில் கேமராவில் முட்டியது.

"நீ போய் அந்தப் புங்க மரத்தாண்ட படு. நான் பாத்துக்கறேன்."

"ஸ்டாண்டைத் தொடாதீங்க. அப்பப்போ இந்த ரிமோட்டை மட்டும் அமுக்குங்க."

படுத்ததுதான் அவளுக்குத் தெரியும்.

விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. கோகுல்ராஜ் செடிகளுக்கு மேல் காலை அகட்டி நின்று, கழற்றிய சட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தான். சுற்றிலும் ஆடுகள்.

"துரத்தத் துரத்த வந்துகினே இருக்குதுங்க. மிதிச்சிட்டா போச்சேன்னு நின்னுகினு இருக்கேன்."

"படம்?"

அவன் ரிமோட் கிடந்த பேன்ட் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். "ரெண்டு எடுத்தேன். அப்புறம் இதுங்க வந்துட்சி."

சுகன்யா குனிந்து பார்த்தாள். இலை மூடிவிட்டது. கொசுவின் ஒற்றைக் கால் மட்டும் வெளியே தெரிந்தது. அழுகை முட்டியது, கத்தத் தெம்பில்லை. நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். முழங்கால்வரை ஏரிச் சேறு, கண்ணெல்லாம் சிவப்பு. செடி ஒன்றுகூட நசுங்கவில்லை.

"வாங்க, போலாம். வண்டிய நான் ஓட்டறேன்" என்றாள்.

சந்தவாசல் டீக்கடையில் அவன் கிளாஸைப் பிடித்தபடியே தூங்கிவிட்டான். அவள் அதை மெல்ல வாங்கி மிச்சத்தைக் குடித்தாள். எழுப்ப மனம் வரவில்லை. அவன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, போகிற பஸ்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.