காகிதம் சுடுகிற துப்பாக்கி

கோதண்டபாணி வடலூர் வழியில் வந்தவர். காதோரம் பாடும் கொசுவைக்கூட அடிக்கமாட்டார். துண்டால் விசிறி அடுத்த வீட்டுக்கு அனுப்பிவைப்பார். ஓமந்தூருக்குப் பக்கத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிட்டுக்கொண்டு, ஒரு வம்புதும்புக்கும் போகாமல் இருந்த மனுஷனுக்கு நாற்பது வயதுக்குமேல் துப்பாக்கி ஆசை வந்தது என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

ஆசை வந்த இடம் விழுப்புரம். மூட்டைகளை ரயிலேற்றப் போனவர், ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் ரயில்வேயில் வேலைபார்த்த ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர்கள் பாய் விரித்துக் குப்புறப் படுத்துக்கிடப்பதைப் பார்த்தார். எதிரே மண்மேட்டில் ஒரு காகிதம், அதில் கறுப்பு வட்டம். டக்கென்று சின்னதாய் ஒரு சத்தம். காகிதத்தில் பொட்டளவு ஓட்டை. எதுவும் துடிக்கவில்லை, எதுவும் சாகவில்லை, முடிந்ததும் எல்லோரும் டீ குடித்தார்கள். கோதண்டபாணிக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. இப்படிப் பாவமில்லாத ஒரு வேட்டை உலகத்தில் இருக்கிறது என்று இத்தனை வருஷம் யாரும் அவருக்குச் சொல்லவில்லையே.

"சொந்த ரைஃபிளும் லைசென்சும் இருந்தா கிறிஸ்மஸ் போட்டியிலே நீயும் சுடலாம், மேன்," என்றார் அவர்களுடைய துப்பாக்கிச் சங்கத்தின் செக்ரட்டரியான ரயில் கார்டு துரை. அன்றிலிருந்து கோதண்டபாணிக்குச் சோறு இறங்கவில்லை.

மதராஸ் துப்பாக்கிக் கடை ஒன்றின் ஏஜென்ட் சீனுவாசன் அவ்வப்போது விழுப்புரம் வந்து ஸ்டேஷனுக்கு எதிரே லாட்ஜில் தங்குவார். மச்சினன் மாரியப்பனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கோதண்டபாணி அங்கே போனார். மாரியப்பனுக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகையால் வழி முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

சீனுவாசன் மூன்று பெட்டிகளைத் திறந்தார். மூன்றும் சின்ன ரகம். தோட்டா ஒரு மல்லாட்டைப் பருப்பு அளவுதான். அதன் அடி விளிம்பை ஊசி தட்டினால் வெடிக்கும். முதல் துப்பாக்கியின் கட்டையில் மயில் செதுக்கி வெள்ளித் தகடு பதித்திருந்தது. இரண்டாவது, அடுத்தடுத்துச் சுடுகிற ரகம். மூன்றாவதைப் பெற்ற தாய்கூடப் பாராட்டமாட்டாள். குழல் தடி, கட்டை முரடு, ஒவ்வொரு தரமும் கையால்தான் தோட்டா போடவேண்டும், கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் ஓட்டை போட்ட ஒரு தகடு.

"மயில் போட்டதை எடு மாமா," என்றான் மாரியப்பன். "ஊர்ல நாலு பேர் பார்த்தா பார்த்த மாதிரி இருக்கணும்."

கோதண்டபாணி பாயை விரிக்கச் சொல்லிப் படுத்துக்கொண்டார். சீனுவாசன் சுட்ட தோட்டாக் குப்பி ஒன்றை உள்ளே போட்டுக்கொடுத்தார். ஒன்றுமில்லாமல் தட்டினால் ஊசி கெட்டுவிடுமாம். மைதானத்தில் சட்டைக்காரர்கள் செய்ததைப் பார்த்து வைத்திருந்த கோதண்டபாணி, மாரியப்பனிடம் குழல் நுனியில் ஒரு காலணாவை வைக்கச் சொன்னார். விசையை இழுக்கும்போது காசு விழக்கூடாது. மயில் துப்பாக்கியின் விசை முரண்டு பிடித்தது. காசு கட்டிலுக்கு அடியில் ஓடியது. இரண்டாவதிலும் விழுந்தது. மூன்றாவதில் விசை வெண்ணெயாய் நகர்ந்து, கண்ணாடித்துண்டு முறிகிற மாதிரி சுத்தமாய்த் தட்டியது. காசு அசையவில்லை.

"இதுதான்," என்றார். விலையைக் கேட்டார். மூன்றிலும் இதுதான் மலிவு.

"யாரும் வாங்கறதில்லைங்க. சத்தம் வராது, அழகு கிடையாது," என்றார் சீனுவாசன். நல்ல சரக்கை யாரும் சீண்டாததால் மலிவாய்க் கிடைப்பது அவருக்கே வெட்கமாக இருந்திருக்கவேண்டும். "லைசென்சைக் காட்டிட்டு எடுத்துக்கினு போங்க."

லைசென்சுக்குத் திண்டிவனம் தாலுகா ஆபீஸ். அங்கே குமாஸ்தா தேவநாதன் மனுவை வாங்கிக்கொண்டு, துப்பாக்கி எதற்கு என்று கேட்டார்.

"காகிதத்துல வட்டம் போட்டு, படுத்துக்கினு சுடறதுக்குங்க."

தேவநாதன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இத்த வெளியில சொல்லாதீங்க. ஒருத்தன் உயிரை எடுக்கறதுக்கு இல்லாம சும்மா குறி பழகறான்னா, பெரிய ஆளு யாரையோ சுடறதுக்குப் பழகறான்னு அர்த்தம். போலீஸு வூட்டுக்கு வந்துடும். காட்டுப்பன்னி கொல்றதுக்குன்னு எழுதிடறேன்."

"நான் கொல்றதில்லைங்களே."

"கொல்றேன்னு சொன்னாத்தான் குடுப்பாங்க. கொல்லமாட்டேன்னு சொல்றவன் கையில சர்க்கார் எப்பிடி துப்பாக்கியக் குடுக்கும்?"

இதில் இருக்கிற நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கோதண்டபாணிக்கும் பிடிபடவில்லை, கையெழுத்தை மட்டும் போட்டார். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைக் கொல்வதற்காக என்று லைசென்சு வந்தது. முரட்டுத் துப்பாக்கியும் வீட்டுக்கு வந்தது.

காலையும் மாலையும் களத்து மேட்டில் படுத்துக்கொண்டு காகிதம் சுட்டார். அவர் மனைவி அம்சவள்ளி, மூச்சுக்கூட விடாமல் கிடக்கும் புருஷனை முதல் நாள் உலுக்கிப் பார்த்தாள், பிறகு பழகிவிட்டது. ஊருக்குத்தான் பழகவில்லை. பன்றிகள் ராத்திரியில் வந்து மல்லாட்டைக் கொல்லையைக் கிளறிவிட்டுப் போயின. பன்றி கொல்ல லைசென்சு வாங்கியவர் காகிதத்தைக் கொன்றுகொண்டிருந்தார்.

இதற்குள் ஐரோப்பாவில் சண்டை தொடங்கிவிட்டது. லைசென்சைப் புதுப்பிக்க வேண்டுமானால் எத்தனை பன்றி விழுந்தது என்று கிராமத்திலிருந்து எழுதவேண்டும் என உத்தரவு வந்தது. மணியக்காரர் பச்சைமுத்து நேராக வந்தார்.

"கோதண்டம், ஒரு வாலையாவது கண்ணுல காட்டு. வாலில்லாம நான் கையெழுத்துப் போடமுடியாது."

கிறிஸ்மஸ் போட்டி நெருங்கிவிட்டது. கோதண்டபாணி விழுப்புரத்துக்கு ரயிலேறி, ஊர் ஓரத்தில் பன்றி வளர்க்கும் தேவசகாயத்தைத் தேடிப் போனார்.

"வாலு மட்டுமா?" என்றார் தேவசகாயம்.

"வாலு மட்டும். பன்னி சாகக்கூடாது. சர்க்காருக்குக் குடுக்கணும்."

சர்க்கார் கேட்கிறது என்றால் ஏன் என்று கேட்கிற வழக்கம் தேவசகாயத்துக்கு இல்லை. உள்ளே போனார். அந்த அலறலைக் கேட்காமலிருக்கக் கோதண்டபாணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தெருவில் நின்றார். உயிர் போகவில்லை அல்லவா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காதை எடுத்தபோதும் அது கத்திக்கொண்டுதான் இருந்தது.

பச்சைமுத்து வாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காட்டுப்பன்னி வாலு நேராத்தானே இருக்கும்? இது சுருண்டுக்கினு இருக்குது."

"பயத்துல சுருண்டுடுச்சு, மணியக்காரரே."

மணியக்காரர் எழுதிக்கொடுத்தார். எழுதியதோடு நிற்காமல், தன் ஊர் வீரர் சுடுவதைப் பார்க்கவேண்டும் என்று போட்டிக்கும் கூடவே ரயிலேறினார்.

போட்டியில் கோதண்டபாணி படுத்தார். சட்டைக்காரர்கள் அந்த முரட்டுத் துப்பாக்கியைப் பார்த்துச் சிரித்தார்கள். சுட்டு முடிந்து காகிதத்தைக் கொண்டுவந்தபோது நடுவட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று தேடினார்கள். எல்லாக் குண்டும் அந்த ஓட்டை வழியாகத்தான் போயிருந்தது. கார்டு துரை தொப்பியைக் கழற்றினார். கோதண்டபாணிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

"வெள்ளிக் கோப்பையைச் சண்டை நிதிக்குக் குடுத்திட்டோம்," என்றார் துரை. "இந்த வருஷம் பரிசு வேற."

கழுத்தில் நீல ரிப்பன் கட்டிய ஒரு பன்றியைத் தேவசகாயம் இழுத்துக்கொண்டு வந்தார். அதற்கு வால் இல்லை. வால் இருந்த இடத்தில் காயம் ஆறத் தார்க்கீல் பூசியிருந்தது.

தேவசகாயத்தின் முகம் மலர்ந்தது. "ஐயா, நீங்களா? வால வாங்கினு போனீங்க, இப்ப பன்னியும் உங்களுக்கே வந்துடுச்சு பாருங்க."

பச்சைமுத்து பன்றியின் பின்பக்கத்தைப் பார்த்தார். கோதண்டபாணியைப் பார்த்தார். அவருக்குக் கணக்குப்போட அதிக நேரம் ஆகவில்லை.

"நீ பன்னிக்கறி சாப்பிடமாட்டியா? கவலைப்படாதே மேன்," என்றார் துரை. "எங்ககிட்டே விட்டுட்டுப் போ, கிறிஸ்மஸுக்கு நாங்க முடிச்சிடறோம். உனக்கு ஒரு பெட்டி தோட்டா தர்றேன்." சண்டைக் காலத்தில் தோட்டா தங்கம்.

மணியக்காரர் காதோடு சொன்னார். "ஜல்தியா தோட்டாவ வாங்கினு கெளம்பு. பண்டிகை வந்தா இந்தப் பன்னியும் இல்ல, பேச்சும் இல்ல. நான் ஒண்ணும் பார்க்கல. இத்த ஊருக்கு ஓட்டிக்கினு வந்தின்னா மட்டும் நான் உள்ளத எழுதித்தான் ஆவணும். இல்லாட்டி என் வேலை போயிடும்."

கோதண்டபாணி தோளில் இருந்த துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்தார். தோட்டாப் பெட்டியைப் பார்த்தார். பன்றி அவர் வேட்டியை முகர்ந்து, மடியில் முடிந்திருந்த மல்லாட்டையைத் தேடியது. காதைப் பொத்திக்கொண்டு நின்ற தெரு அவருக்கு ஞாபகம் வந்தது. இந்தத் தரம் பொத்திக்கொண்டாலும் கேட்கும் என்று தோன்றியது.

கயிற்றை வாங்கிக்கொண்டார்.

பச்சைமுத்து சொன்னபடி உள்ளதை எழுதினார். திண்டிவனத்தில் துப்பாக்கியை ஒப்படைத்தபோது கோதண்டபாணி தேம்பி அழுதார். தேவநாதன் ரசீது எழுதிக்கொண்டே, "அந்தப் பன்னிய நீங்களே சுட்டிருந்தா லைசென்சு நிலைச்சிருக்கும். பேஜாரு பண்ணிக்கினீங்களே," என்றார்.

மாசி மாதம் அந்த வாலில்லாப் பன்றி வேலியைப் பிய்த்துக்கொண்டு மல்லாட்டைக் கொல்லைக்குள் இறங்கியது. அம்சவள்ளி கூப்பாடு போட்டாள். கோதண்டபாணி ஓடிப்போய்த் துண்டால் விசிறினார். பன்றி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அடுத்த செடியைக் கிளறத் தொடங்கியது.