காயாத சொட்டு

1

இந்தக் கதை கிளியனூர்ப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் எனக்குக் கிடைத்தது. ஆட்டுக்கு ஊசி போடப் போயிருந்தேன். எனக்கு முன்னால், மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண், நாயை இடுப்பில் தூக்கிவைத்தபடி. அவளுக்கு அம்சவள்ளி என்று நானே பெயர் வைத்தேன்.

நான் எழுதிய முதல் வரி: 'வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த...'

(மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்தால் இப்படித்தான். மரக்காணத்தில் வெள்ளையாகக் குவிந்து கிடப்பது உப்பு மட்டும்தான்.)

2

நாயின் பெயர் டைகர். காக்காயைக் கண்டால் பயப்படும். விலாவில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. 'கேன்சர்தான்' என்று உப்பளமே சொல்லிவிட்டதால் அம்சவள்ளிக்குச் சோறு இறங்கவில்லை.

"ஊசி குத்தி கொஞ்சம் செல் எடுத்துப் பாக்கலாம்மா," என்றார் டாக்டர் நிவேதா.

"குத்தினா பரவிடும்னு சொல்றாங்களே டாக்டரம்மா?"

"யாரு சொன்னா?"

"இவருதான்."

அவள் கணவர் பலராமன் கூரையைப் பார்த்தார்.

(இங்கே நாய் டாக்டரைக் கடிப்பதாக... வேண்டாம். நக்கத்தான் செய்தது.)

3

ஊசியில் வந்ததைக் கண்ணாடித் துண்டில் தடவி, "காயட்டும். அப்புறம் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாக்கலாம்," என்றார் டாக்டர்.

காய வைப்பது நம் தொழிலாயிற்றே என்று பலராமன் ஜன்னல் வெயிலில் அதற்குக் காவல் நின்றார். சொட்டு எண்ணெய்போல மினுமினுத்தது. காயவே இல்லை.

"ஏய் அம்சா, கடல் தண்ணியே காயுது, இது காயலியே!"

அம்சவள்ளி டாக்டர் பக்கம் திரும்பினாள். உப்பளத்தில் காயவில்லை என்றால் பாத்தி பாழ் என்று அர்த்தம்.

"அவ்ளோதானா டாக்டரம்மா? என் புள்ள போச்சா?"

"ஐயோ, காயலன்னா நல்லதும்மா! கொழுப்பு சீக்கிரம் காயாது. வெறும் கொழுப்புக் கட்டியா இருக்கலாம். ஆனா மைக்ராஸ்கோப்ல பாக்காம சொல்ல மாட்டேன்."

பலராமன் சட்டென்று நகர்ந்து வெயிலை முதுகால் மறைத்தார். "அப்ப காயவே வேணாம்!"

4

முதல் முடிவு: டைகர் செத்துப்போக, அம்சவள்ளி கடலைப் பார்த்து நடந்து...

(நாவல்களில் மனிதர்களுக்கு ஞானம் வருவதற்காக நாய்கள் செத்துப்போகின்றன. நான் மாட்டேன்.)

இரண்டாவது முடிவு: டாக்டர் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்திருந்துவிட்டு நிமிர்கிறார். வாயைத் திறக்கிறார்.

"இருங்க டாக்டரம்மா, சொல்லாதீங்க," என்கிறாள் அம்சவள்ளி. முந்தானை முடிச்சை அவிழ்த்து, நொறுங்கிய பிஸ்கட்டை டைகரிடம் நீட்டுகிறாள். "இது நிம்மதியா தின்னட்டும். அப்புறம் சொல்லுங்க."

டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். ஆனால் அவளே காத்திருக்கும்போது நான் முந்திக்கொள்வது மரியாதை இல்லை. நீங்கள் வேண்டுமானால் டாக்டர் முகத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நேரம் இருக்கிறது; டைகர் அவசரப்பட்டுத் தின்னும் நாய் அல்ல.